எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில்

ஜப்பானிய அனிமே நாயகர்களை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். நருட்டோவின் வயிற்றுக்குள் ஒன்பது வால் நரி அடைபட்டிருக்கிறது. கோகு வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன். லுஃபி ஒரு விசித்திரப் பழத்தைத் தின்று உடம்பு ரப்பராகிப் போனவன். இந்த வரிசையின் ஓரத்தில், நெட்டையும் இல்லாமல் குட்டையும் இல்லாமல் ஒரு பையன் நிற்கிறான். ஐந்தாம் வகுப்பு. பெயர் அமானோ கேட்டா. மார்க் சுமார். விளையாட்டு சுமார். வீடு, அப்பா, அம்மா எல்லாம் எந்தத் தெருவிலும் பார்க்கக் கிடைக்கிற மாதிரிதான். அவனைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்லச் சொன்னால் கூடப் படிக்கிறவர்கள் சொல்வது 'ஃபுட்சூ'. அதாவது, சாதாரணம். கேட்டாவுக்குப் பிடிக்காத வார்த்தையும் அதுதான்.

'யோகாய் வாட்ச்' தொடரை நான் பார்க்க ஆரம்பித்தது ரசனையால் அல்ல, வேலைக்காக. ஜப்பானிய வாடிக்கையாளரின் ப்ராஜெக்டில் போட்டார்கள். கூடவே ஜப்பானிய மொழி வகுப்பிலும் சேர்த்துவிட்டார்கள். நருட்டோ மாதிரி பேசினால் வாடிக்கையாளர் மிரண்டுவிடுவார், குழந்தைகள் தொடர் பாருங்கள், வீட்டில் பேசுகிற பேச்சு காதில் விழும் என்று ஆசிரியை சொன்னார். முப்பதைத் தாண்டிய ஒருவன் ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, இரண்டு வால் முளைத்த சிவப்புப் பூனை சாக்லேட் கேட்டு அடம்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கதை இப்படித்தான் தொடங்கியது. மொழி ஓரளவு வந்தது. தொடரை விட முடியவில்லை.

கதை எளிமையானது. கோடை விடுமுறை. பள்ளிக்காகப் பூச்சி பிடிக்க வேண்டும். எல்லாரும் பிடிக்கிற பூச்சியைத் தானும் கொண்டுபோனால் மறுபடி 'ஃபுட்சூ' ஆகிவிடுவோமே என்று அபூர்வமான ஒன்றைத் தேடிக் காட்டுக்குள் போகிறான் கேட்டா. பெரிய மரம் ஒன்றின் அடியில், பாசி படிந்த பொம்மை இயந்திரம் நிற்கிறது. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை வந்து விழுமே, அந்த வகை. 'காசு போடு' என்று ஒரு குரல். போடுகிறான். உருண்டையைத் திறந்தால் வெள்ளையாக, பஞ்சு மிட்டாய் மாதிரி ஒன்று வெளியே வருகிறது. பெயர் விஸ்பர். 190 வருடம் உள்ளே அடைபட்டுக் கிடந்ததாம். இனி நான் உங்கள் பணியாள் என்று அறிவித்து ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுக்கிறது. அதன் வெளிச்சம் பட்டால், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத யோகாய்கள் தெரியும்.

அவ்வளவுதான் கேட்டாவின் மகத்துவம். ரத்தத்தில் எதுவும் இல்லை, ஜாதகத்தில் எதுவும் இல்லை. வழியில் ஒரு இயந்திரம் கூப்பிட்டது, சட்டைப் பையில் சில்லறை இருந்தது.

இந்த இடத்தில் நோபிட்டா ஞாபகத்துக்கு வருவான். முதலில் விளையாட்டாக 2013-ல் வெளிவந்தது யோகாய் வாட்ச். 2014 ஜனவரியில் டிவி டோக்கியோவில் தொடராயிற்று. உருவாக்கிய லெவல்-5 நிறுவனத்தின் தலைவர் அகிஹிரோ ஹினோவுக்கு டோரேமான் ஒரு முன்மாதிரியாக இருந்தது. அந்தச் சாயலைத் தொடரிலேயே பார்க்கலாம். ஒரு பையன், அவன் அறைக்குள் குடியேறும் விசித்திர ஜீவன்கள், பக்கத்து வீட்டுப் பிரச்சினைகள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நோபிட்டா தோற்பவன். பரீட்சையில் பூஜ்யம் வாங்குவான், அடி வாங்குவான், அழுவான். தோல்விக்கு ஒரு நாடகத்தன்மை இருக்கிறது. பார்ப்பவருக்குப் பரிதாபம் வரும், உதவ எதிர்காலத்திலிருந்து ரோபோ பூனையே வரும்.

சராசரிக்கு அது கிடையாது. ஐம்பத்தைந்து மார்க் வாங்குகிறவனை ஆசிரியர் திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். பேப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். எனக்கு இது பள்ளியில் பழகியது, ஐ.டி. வேலையில் பட்டயமாகவே கிடைத்தது. வருடா வருடம் அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று. 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறார்.' பெல் கர்வின் நடுவே அந்தக் கொழுத்த வயிறு இருக்கிறதே, அதில் ஒரு புள்ளி நான். குறை சொல்லவும் முடியாது. "என்ன சார் பிரச்சன? நல்லாத்தான போய்ட்டிருக்கு?" என்பார் மேனேஜர். உண்மைதான், நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. 'நீ ஃபுட்சூ' என்று யாராவது சொல்லும்போது கேட்டாவின் முகம் தொங்கிப்போகும் அந்த ஒரு விநாடியை, காமெடிக்காகப் போட்டது என்று தெரிந்தும், நான் ரீவைண்ட் செய்து பார்த்திருக்கிறேன்.

சரி, யோகாய் என்றால் என்ன? பேய், பூதம், குட்டிச்சாத்தான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்தால் கிட்டத்தட்ட வரும். செத்தவரின் ஆவியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய குடையே ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலும் முளைத்து யோகாய் ஆகிவிடும். 1776-ல் தொரியாமா செகியென் என்ற ஓவியர் இவற்றை ஒவ்வொன்றாகப் படம் போட்டுப் பெயர் எழுதித் தொகுத்தார். இன்று நாம் பார்க்கும் பல யோகாய்களின் முகம் அவர் வரைந்ததிலிருந்து வந்ததுதான். பிறகு மெய்ஜி காலத்தில் இனோவே என்ரியோ என்ற தத்துவவாதி வந்தார். நாடெங்கும் யோகாய் கதைகளைத் திரட்டினார், பெரும்பாலானவை மனப்பிரமை அல்லது இயற்கை நிகழ்வு என்று விளக்கி மூடநம்பிக்கையை ஒழிப்பதற்காக. மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'யோகாய் டாக்டர்'. ஒழிக்கப் போனவரின் பெயரிலேயே போய் ஒட்டிக்கொண்டன அவை.

போருக்குப் பின் இவற்றைத் திரும்ப அழைத்து வந்தவர் மிசுகி ஷிகேரு. இரண்டாம் உலகப் போரில் நியூ பிரிட்டன் தீவில் இடது கையை இழந்து, ஒற்றைக் கையால் வாழ்நாள் முழுக்க யோகாய் வரைந்தவர். அவருடைய கிதாரோ 1968-ல் தொலைக்காட்சிக்கு வந்தான். ஆனால் கிதாரோவே மனிதன் இல்லை. பேய் இனத்தின் கடைசி வாரிசு. யோகாய்க்கும் மனிதனுக்கும் நடுவே நிற்க அவனுக்குப் பிறப்பிலேயே உரிமை இருந்தது. கேட்டாவுக்கு அந்த உரிமை இல்லை.

யோகாய் வாட்சின் யோகாய்கள் வசிப்பது இருண்ட மலையிலோ பாழடைந்த கோயிலிலோ அல்ல. சகுரா நியூ டவுன் என்ற ஊரில், டிராஃபிக் சிக்னலில், வகுப்பறையில், சாப்பாட்டு மேஜைக்கு அடியில். கணவன் மனைவி சண்டை போட்டால் வீட்டுக்குள் தொன்யோரீனு உட்கார்ந்திருக்கிறாள். இருக்கும் இடத்தின் காற்றையே கனக்க வைக்கும் பெருத்த சீமாட்டி. எல்லாம் மறந்துபோகிறதா? தலையில் ஒரு தொப்பி யோகாய் ஏறியிருக்கிறது. வாய் தவறி ரகசியம் வந்துவிட்டதா? பக்கத்தில் பக்குரோ பாட்டி. கூட்டத்தில் இருந்தும் யாருமே உன்னைக் கவனிக்கவில்லையா? அது ஜிமீயின் வேலை. பெயர்கள் பெரும்பாலும் சிலேடை. வீட்டை விட்டே வெளியே வராதவர்களைக் குறிக்கும் 'ஹிகிகொமோரி'யோடு வௌவாலைக் குறிக்கும் 'கோமோரி' சேர்ந்தால் ஹிகிகோமோரி என்ற வௌவால் யோகாய். அது கேட்டாவின் அலமாரிக்குள்ளேயே வந்து குடியேறிவிடுகிறது. நோபிட்டாவின் அலமாரியில் டோரேமான் தூங்கியது போல.

2014-ல் ஜப்பான் முழுக்கக் குழந்தைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடத்தின் புகழ்பெற்ற சொற்களின் முதல் பத்தில் 'யோகாய் வாட்ச்' இடம்பிடித்தது. எதற்கெடுத்தாலும் 'யோகாய் நோ செய்', யோகாய் மேல்தான் தப்பு. ஹோம்வொர்க் முடிக்காததற்கும் அதுவே, காலையில் எழ முடியாததற்கும் அதுவே. பெரியவர்களுக்கு வரும் கவலையும் எளிதில் ஊகிக்கக்கூடியது. பழியைத் தூக்கி வேறு எங்கோ போடக் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள் அல்லவா?

தொடர் இந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்கிறது. ஏதாவது விநோதமாக நடந்ததும், இது யோகாய் வேலைதானே என்று கேட்டா ஆரம்பிப்பான். உடனே விஸ்பர், எல்லாத்துக்கும் யோகாய் மேல பழி போடாதீங்க என்று உபதேசம் செய்யும். கடிகாரத்தைத் திருப்பினால் யோகாய் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். விஸ்பர் முதுகைத் திருப்பிக்கொண்டு தன் டேப்லெட்டில் அவசரமாகத் தேடி, அதன் பெயரை முன்பே தெரிந்தது போல ஒப்பிக்கும். விஸ்பருக்கு எதுவும் தெரியாது என்பதே தொடரின் நீண்ட நகைச்சுவை. கூகுள் பார்த்துக் கோடு எழுதிவிட்டு மீட்டிங்கில் விளக்குகிற எங்கள் தொழிலில் இருந்து பார்த்தால் விஸ்பர் ரொம்ப நெருங்கிய சொந்தக்காரன்.

பழி பற்றி எனக்கு வேறொரு பதில் கிடைத்ததும் அதே ப்ராஜெக்டில்தான். 'நாஸே நாஸே' என்றொரு முறை ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உண்டு. 'ஏன், ஏன்' என்று பொருள். டொயோட்டாவின் தைய்ச்சி ஓனோ தன் புத்தகத்தில் இதற்குத் தரும் உதாரணம் பிரபலம். இயந்திரம் நின்றுபோனது, ஏன்? சுமை கூடி ஃப்யூஸ் போனது. ஏன்? பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. ஏன்? பம்ப் சரியாக எண்ணெயை ஏற்றவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி மாட்டாததால் உலோகத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் ஏனோடு நிறுத்தியிருந்தால் ஃப்யூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். சில நாளில் இயந்திரம் மறுபடி நின்றிருக்கும்.

எங்கள் ப்ராஜெக்டில் ஒரு ராத்திரி, தானாக ஓட வேண்டிய ஒரு வேலை பாதியில் நின்றது. காலையில் ஜப்பானில் ஒரு கிடங்கில் லேபிள் அச்சாகவில்லை. எங்கள் பக்கம் நடந்த முதல் மீட்டிங்கில் கேட்கப்பட்ட கேள்வி 'ஏன்' இல்லை, 'யார்'. முந்தின நாள் ஒரு கான்ஃபிக் ஃபைலை மாற்றியவன் டீமில் சேர்ந்து ஐந்து மாதமான பையன். அதிகம் பேசாதவன், மீட்டிங்கில் இருப்பதே தெரியாது. ஜிமீ பிடித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் அவனைத் தெரிந்தது. "சார், டாக்குமெண்ட்ல இருந்தபடிதான் சார் பண்ணேன்" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை சொல்லவில்லை.

மதியம் ஜப்பானியர்களோடு மீட்டிங். அவர்கள் பக்கத்து மேலாளர் ஏன், ஏன் என்று ஆரம்பித்தார். வேலை ஏன் நின்றது? தேதியின் வடிவம் மாறியிருந்தது. ஏன் மாறியது? டாக்குமெண்டில் அப்படி இருந்தது. டாக்குமெண்ட் ஏன் பழையதாகவே இருந்தது? அதைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பழைய கோடைத் தோண்டியபோது அவர் எழுதிவைத்த ஒரு வரிக் குறிப்பு கிடைத்தது. இந்த ஃபைலைத் தொடும் முன் என்னிடம் கேட்கவும் என்று. ஆள் போய்விட்டார், குறிப்பு மட்டும் அந்த இடத்திலேயே காவல் நின்றுகொண்டிருந்தது. நான் அவருக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். அதைச் சரிசெய்யத் தான் மூன்று முறை நேரம் கேட்டதாகவும், ஒவ்வொரு முறையும் அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டதாகவும் சொன்னார். அப்புறம், "அந்தப் பையன ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டார்.

யோகாய் மேல் பழி போடுவது கேட்டாவுக்கு முதல் ஏன் மட்டுமே. தொடரின் நல்ல எபிசோடுகள் இரண்டாம் ஏனுக்குப் போகின்றன. உங்கள் அப்பா அம்மா கெட்டவர்கள் இல்லை, அவர்கள் நடுவே தொன்யோரீனு இருக்கிறாள். சரி, தொன்யோரீனு ஏன் அங்கே இருக்கிறாள்? அவளும் ஒரு மனைவி. அவள் கணவன் ஹொனோபோனோ, பார்ப்பவர் மனதை இளக வைப்பவன். அவள் கனமும் அவன் இதமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் காற்று நேராகிவிடுகிறது. யாரையும் கொல்லவில்லை, யாரையும் விரட்டவில்லை.

ஜிபான்யான் கதை இன்னும் ஆழம். செத்த இடத்தை விட்டு நகர முடியாத ஆவிக்கு ஜப்பானியத்தில் ஜிபாகுரெய் என்று பெயர். அதோடு பூனையின் 'ந்யான்' சேர்ந்ததுதான் இந்தப் பெயர். உயிரோடு இருந்தபோது அது எமி என்ற பெண் வளர்த்த அகமாரு. லாரியில் அடிபட்டுச் செத்தது. கடைசியாக அதன் காதில் விழுந்தது, வண்டியில் அடிபட்டதற்கே செத்துப்போவதா, என்ன கேவலம் என்ற மாதிரி எமி சொன்ன சொல். அந்த ஒரு சொல்லுக்காக அது தினமும் அதே சந்தியில் நின்று லாரிகளோடு மோதுகிறது. பாதங்களால் சரமாரியாகக் குத்தும், லாரி தூக்கி எறியும், மறுபடி எழுந்து வரும். காமெடியாகத்தான் வரைந்திருக்கிறார்கள். பிறகு வரும் ஒரு கதையில், லாரிக்கு முன்னால் நின்ற எமியைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றியதே அந்தப் பூனைதான் என்று தெரியவருகிறது. தன் சாவைக் கேவலம் என்று நம்பி எத்தனை லாரிகளில் மோதியிருக்கிறது அது!

கேட்டா அதற்குச் செய்தது ரொம்பச் சின்ன காரியம். நின்றான். ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று கேட்டான். அவன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். 'கேட்டா' சொல்லிவிடுகின்றன, அந்த யோகாய்கள். பிரச்சினை தீர்ந்ததும் ஒரு பதக்கத்தைக் கொடுத்து நண்பனாகின்றன. அந்தப் பதக்கத்தைக் கடிகாரத்தில் செருகினால் கூப்பிட்டபோது வரும். முனகிக்கொண்டு வரும், சாக்லேட் தின்றுகொண்டிருந்தால் எரிச்சலோடு வரும். சில சமயம் சொதப்பிவிட்டும் போகும். அடிமைகள் அப்படி வருவதில்லை.

இதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது, சொல்லியாக வேண்டும். அந்தப் பதக்கங்களை பண்டாய் நிறுவனம் பிளாஸ்டிக்கில் செய்து விற்றது. கடைகளில் பெற்றோர் வரிசையில் நின்றார்கள், வந்த வேகத்தில் தீர்ந்தன. கேட்டு, காத்திருந்து கிடைக்கிற நட்பு, கவரைக் கிழித்தால் கையில் வந்து விழுந்தது. தொடரிலும் பொம்மை விற்பதற்கென்றே எழுதப்பட்ட எபிசோடுகள் உண்டு. பாதி நகைச்சுவை ஜப்பானியத் தொலைக்காட்சியைக் கிண்டல் செய்வது, வெளியே இருப்பவருக்குப் புரியாது. அலை எழும்பிய வேகத்திலேயே வடிந்தும் போயிற்று. 214 எபிசோடுகளோடு 2018 மார்ச்சில் முதல் தொடர் முடிந்தது. அடுத்து வந்தது முப்பது வருடம் தள்ளி நடக்கும் இருண்ட கதை. அதில் கடிகாரம் கேட்டாவின் மகள் நட்சுமே கையில். ஆனால் 2019-ல் திரும்பவும் சின்னப் பையன் கேட்டாவிடமே வந்துவிட்டார்கள். சாதாரணப் பையன் இல்லாமல் அவர்களுக்கும் கை ஓடவில்லை போலிருக்கிறது.

ஏன் சாதாரணப் பையன்தான் வேண்டும்? இதற்கான பதிலை நான் தொடரில் கண்டுபிடிக்கவில்லை, மொழி வகுப்பில் கண்டுபிடித்தேன். ரயில் நிலைய அறிவிப்புகள் என்ற பாடம். 'டொக்யூ' என்றால் விரைவு ரயில். 'க்யூகோ' என்றால் அதற்கு அடுத்தது, சில நிலையங்களில் மட்டும் நிற்கும். கடைசியாக ஒரு வகை. எல்லா நிலையங்களிலும் நின்று நின்று போவது. பலகையில் அதன் பெயர் 'ஃபுட்சூ'. கேட்டாவைக் கூப்பிடும் அதே சொல். நம் ஊர் ஆர்டினரி பஸ் மாதிரியேதான்.

விசேஷமானவர்களுக்குப் போக வேண்டிய இடம் இருக்கிறது. நருட்டோ ஹோகாகே ஆக வேண்டும், லுஃபி கடற்கொள்ளையர் அரசனாக வேண்டும். ஒரு போக்குவரத்துச் சந்தியில் பூனை எதற்காக லாரியில் மோதுகிறது என்று விசாரிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. நின்றாலும் அடித்து ஜெயித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். கேட்டாவுக்குப் பெரிய இலக்கு எதுவும் இல்லை. அதனால் அவன் எல்லாவற்றுக்கும் நிற்கிறான். கிராமத்துக் கோயில் வாசலில் காவல் இருந்துவிட்டு, முதுகில் துணிமூட்டையோடு நகரத்துக்கு வந்து எஸ்கலேட்டரைப் பார்த்து வாய்பிளக்கும் கோமாசானுக்காக நிற்கிறான். அலமாரி வௌவாலுக்காக நிற்கிறான். தன்னை யாரும் கவனிக்காமல் கடந்துபோன வலி அவனுக்குத் தெரியும். கடந்துபோவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்கு, கடந்துபோகக் கால் கொஞ்சம் தயங்கும்.

சராசரியாக இருப்பது பெருமை என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வருடமும் ஐந்துக்கு மூன்றுதான், படிக்கும்போது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது. கேட்டாவும் கடைசிவரை அந்த வார்த்தைக்கு முகம் சுருக்குகிறான். தொடர் அவனை அதிலிருந்து மீட்கவே இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அவன் கடைசியில் ரகசிய இளவரசன் என்று தெரியவந்திருந்தால் நான் அன்றைக்கே ஹெட்ஃபோனைக் கழற்றியிருப்பேன்.

அந்தப் பையன் இப்போதும் எங்கள் டீமில்தான் இருக்கிறான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லித்தருவது அவன்தான். டாக்குமெண்டைத் திருத்தி எழுதியதும் அவனே. வேலையை விட்டுப் போனவரின் ஒரு வரிக் குறிப்பை மட்டும் அவன் அழிக்கவில்லை. அதற்குக் கீழே, கேட்டாகிவிட்டது என்று தேதியோடு எழுதிவைத்திருக்கிறான்.